பச்சை விழுந்துச்சு, வண்டி நகரலை

பதிவு போட்டு மாசக்கணக்காச்சு. "இருக்கியா, இல்லையா?"ன்னு ரெண்டு பேர் மெயில்ல கேட்டுட்டாங்க. இருக்கேன் மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். மிச்ச நேரத்துல என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னு சொன்னா சிரிப்பீங்க. கோடு பாத்துக்கிட்டு இருந்தேன்.

கறுப்புத் திரை. அதுல சாம்பல் நிறத்துல குறுக்கும் நெடுக்குமா கோடுகள். கோட்டு மேல அங்கங்கே சின்னச் சின்னதா சிவப்பு, பச்சைப் புள்ளிகள். நடுநடுவுல நாலெழுத்துல ஒரு பேர். அந்தப் பேர் ஒரு கட்டத்துல இருந்து மறைஞ்சு அடுத்த கட்டத்துல முளைக்கும். அவ்வளவுதான் மொத்தப் படமும். கதாநாயகி கிடையாது, பாட்டு கிடையாது. ராத்திரி பதினோரு மணிக்கு இதை வெச்ச கண் வாங்காம பாத்துக்கிட்டு இருந்தா வீட்ல என்ன சொல்லுவாங்க? "உங்களுக்கு ஈசிஜி பாக்கற வேலை ஏதாச்சும் குடுத்திருக்காங்களா?"ன்னு தங்கமணி கேட்டாச்சு. அவங்க தோழிகள்கிட்ட "இவர் ரயில் பாக்கறார்"னு சொல்றதுக்குக் கூச்சப்பட்டுக்கிட்டு, "ஏதோ ஆபீஸ் வேலை"ன்னு சமாளிக்கறதும் எனக்குத் தெரியும் :)

இது ஒரு பொழுதுபோக்கு. உலகம் பூரா இதுக்குன்னு ஆட்கள் இருக்காங்க. அதைப் பத்தியும், அதை வெச்சு போன குளிர்காலத்துல நான் பண்ணின ஒரு தப்பைப் பத்தியும்தான் இந்தப் பதிவு.

மொதல்ல ஒரு கொசுவத்தி சுத்திக்கறேன், கோவிச்சுக்காதீங்க.

எங்க ஊர் டெல்டா பக்கம். மீட்டர் கேஜ் காலம். ஸ்டேஷனுக்கு ரெண்டு பக்கமும் கைகாட்டி மரம் இருக்கும். சிக்னல்னு யாரும் சொன்னதில்லை, கைகாட்டிதான். கை நேரா நீட்டியிருந்தா நில்லுன்னு அர்த்தம், சாய்ஞ்சா வரலாம். தண்டவாளம் ஓரமா ஓடற கம்பி கிரீச்னு இழுபடும், தூரத்துல கை பொத்துன்னு சாயும். உடனே பிளாட்பாரம் பூரா, "கைகாட்டி இறங்கிடுச்சு, கைகாட்டி இறங்கிடுச்சு"ன்னு எழுந்து மூட்டையைத் தூக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி கூட படிக்கற ஒரே எழுத்து அது. சில நாள் கை இறங்கியும் வண்டி வராது. அப்போ எல்லாரும் ஸ்டேஷன் மாஸ்டர் ரூம் வாசல்ல போய் நிப்போம். அவர் போனைச் சுத்தி அடுத்த ஸ்டேஷன்ல கேட்பார். வெளியே வந்து, "இன்னும் அங்கேயே நிக்குது, இன்ன விஷயம், அரை மணி ஆகும்"பார். கூட்டம் திரும்ப உட்கார்ந்துக்கும். இதை ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசியில தேவைப்படும்.

இப்போ நான் இருக்கறது லண்டனுக்குத் தெற்கே, க்ராய்டன் பக்கம். இங்கே கைகாட்டி எல்லாம் கலர் விளக்காகி ரொம்ப காலமாச்சு. பொட்டி தட்டற எனக்கு அந்தப் பழைய கம்பிச் சத்தம் வேற ரூபத்துல திரும்பக் கிடைச்சதுக்குக் காரணம் 2012-ம் வருஷம். பிரிட்டன்ல தண்டவாளம், சிக்னல் எல்லாம் நெட்வொர்க் ரெயில்ங்கற பொது அமைப்போட பொறுப்பு. அந்த வருஷம் அவங்க தங்களோட தகவல்களை யார் வேணா எடுத்துக்கலாம்னு திறந்து விட்டாங்க. பேரைப் பதிஞ்சா போதும், காசு கிடையாது. அதை வெச்சு ஆர்வலர்கள் வரைபடம் செஞ்சாங்க. ஓப்பன் டிரெயின் டைம்ஸ், டிராக்ஸின்னு போய்ப் பாருங்க. ஆனா வேலை கெட்டா என்னைத் திட்டக் கூடாது.

இதுல எப்படிப் படிக்கறதுன்னு சுருக்கமா சொல்லிடறேன்.

ஒவ்வொரு சிக்னலுக்கும் பின்னாடி ஒரு கட்டம் இருக்கும். அதுக்குப் பேரு பெர்த். நம்மூரு லோயர் பெர்த், சைடு அப்பர் பெர்த் இல்லைங்க :) வண்டி எந்த சிக்னலை நோக்கிப் போய்க்கிட்டு இருக்கோ அந்தக் கட்டத்துல அதோட பேர் உட்கார்ந்திருக்கும். சிக்னலைத் தாண்டினதும் பேர் அடுத்த கட்டத்துக்குத் தாவும். இந்த வேலையைச் செய்யற ஏற்பாட்டுக்கு டிரெயின் டிஸ்கிரைபர்னு பேரு.

அந்த நாலெழுத்துப் பேர்தான் ஹெட்கோட். ஒரு எண், ஒரு எழுத்து, ரெண்டு எண். முதல் எண்தான் ஜாதகம். 1-னு ஆரம்பிச்சா எக்ஸ்பிரஸ். 2-ன்னா எல்லா ஊர்லயும் நிக்கற சாதா பாசஞ்சர். 5-ன்னா ஆளில்லாத காலி வண்டி, ஷெட்டுக்குப் போகுது இல்ல ஷெட்டுல இருந்து வருது. 4, 6, 7 எல்லாம் கூட்ஸ். 0-ன்னா வெறும் எஞ்சின். இலையுதிர் காலத்துல 3-ன்னு ஒண்ணு ராத்திரியில சுத்தும். விழுந்த இலை சக்கரத்துல நசுங்கி தண்டவாளத்துல வழுவழுன்னு ஒட்டிக்கும், பிரேக் பிடிக்காது. அதை அழுத்தமா தண்ணி பீச்சிக் கழுவற வண்டி அது. "இலை விழுந்ததால ரயில் லேட்டு"ன்னு இந்த ஊர்ல சொன்னா நம்மாட்கள் கெக்கெக்கேன்னு சிரிப்பாங்க. நானும் சிரிச்சவன்தான். நடுராத்திரி அந்த வண்டி திரையில ஊர்ந்து போறதைப் பாத்ததுக்கப்புறம் சிரிக்கறதை நிறுத்திட்டேன்.

அடுத்தது சிக்னல். ரோட்டோரத்துல இருந்து பாத்தா இங்கே பல இடத்துல நாலு நிலை. பச்சை, ரெட்டை மஞ்சள், ஒத்தை மஞ்சள், சிவப்பு. ரெட்டை மஞ்சள்னா அடுத்தது ஒத்தை மஞ்சள், அதுக்கும் அடுத்தது சிவப்பா இருக்கலாம், வேகத்தைக் குறைக்க ஆரம்பின்னு அர்த்தம். ஆனா நம்ம வரைபடத்துல மஞ்சள் கிடையாது. சிவப்பு, இல்லேன்னா சிவப்பு இல்லை. அந்தச் "சிவப்பு இல்லை"யைத்தான் பச்சைப் புள்ளியா போடறாங்க. சில சிக்னலுக்குத் தகவலே வராது, அது சாம்பலாவே இருக்கும்.

இதுல என்ன சுகம்னு கேட்டா, ஒரு சனிக்கிழமை காலையில ஈஸ்ட் க்ராய்டன் பிளாட்பாரத்துக்கு வாங்க. கையில போன். வடக்கே வின்ட்மில் பிரிட்ஜ் ஜங்ஷன்ல கோடு நூடுல்ஸ் மாதிரி பின்னிக் கிடக்கும். விக்டோரியால இருந்து வர்றது, லண்டன் பிரிட்ஜ்ல இருந்து வர்றது எல்லாம் அங்கேதான் கலக்கும். திரையில ஒரு 6 கிளம்பியிருக்கும். கல்லு ஏத்தின கூட்ஸ். அதுக்கு வழி விடணும்னா ஒரு 2 நிக்கணும், இல்ல இது நிக்கணும். உள்ளே உட்கார்ந்திருக்கற சிக்னல்காரர் என்ன செய்வார்னு மனசுக்குள்ள பந்தயம் கட்டிக்கணும். புள்ளி மாறும். தலையைத் தூக்கினா, அந்த வளைவுல எஞ்சின் மூக்கு தெரியும். திரையில ஒரு கட்டம் தாவினதும் நிஜத்துல நூத்துக்கணக்கான டன் கல்லு உங்க முன்னாடி போகுது. அந்த நொடி இருக்கே, கைகாட்டி பொத்துன்னு இறங்கின அதே நொடிதான்.

அமெரிக்காவுல இருக்கற நண்பர் ஒருத்தர் இன்னும் ஒரு படி மேல. அங்கே இப்படி யாரும் திறந்து விடலை. ஆனா பல ரயில் கம்பெனிகள்ல டிஸ்பாட்சர் ஆபீசுக்கும் தடத்தோரப் பெட்டிகளுக்கும் நடுவுல 900 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோவுல தகவல் போய் வந்துச்சு. "இந்தப் பாயிண்டை மாத்து, அந்த சிக்னலை இறக்கு"ன்னு ஆபீஸ் சொல்லும். "மாத்திட்டேன், வண்டி ஏறிடுச்சு"ன்னு பெட்டி பதில் சொல்லும். அந்தப் பேச்சைப் பிடிச்சு கம்ப்யூட்டர்ல படமா மாத்த ஏடிசிஎஸ் மானிட்டர்னு ஒரு மென்பொருள். இதுக்குன்னே வீட்டுக் கூரையில ஆன்டெனா கட்டி, எந்த பிட்டு எந்த சிக்னல்னு பக்கத்துல நின்னு பாத்துப் பாத்து எழுதி வெச்ச ஆட்கள் இருக்காங்க. நமக்கு எல்லாம் தட்டுல வெச்சுக் குடுத்துட்டாங்க. அவங்களது தவம்.

சரி, இந்தப் படத்துக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு கொஞ்சம் சொன்னாதான் மீதிக் கதை புரியும்.

வண்டி எங்கே இருக்குன்னு தடத்துக்கு எப்படித் தெரியும்? 1872-ல வில்லியம் ராபின்சன்ங்கற அமெரிக்கர் காப்புரிமை வாங்கின யோசனை. தண்டவாளத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டுலயும் ஒரு ஓரத்துல இருந்து கொஞ்சூண்டு மின்சாரம் விடறது. மறு ஓரத்துல ஒரு ரிலே. மின்சாரம் வந்துக்கிட்டு இருக்கற வரைக்கும் ரிலே தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கும், "தடம் காலி"ன்னு அர்த்தம். வண்டி ஏறினா சக்கரமும் அச்சும் ரெண்டு தண்டவாளத்தையும் குறுக்கே இணைச்சிடும். மின்சாரம் அந்த வழியா திரும்பிடும். ரிலே விழுந்துடும். சிவப்பு.

இதுல அழகு என்னன்னா, பேட்டரி செத்தாலும் ரிலே விழும். கம்பி அறுந்தாலும் விழும். தண்டவாளம் உடைஞ்சாலும் பல சமயம் விழும். எது கெட்டாலும் சிவப்பு. சந்தேகம் வந்தா நில்லு. இப்போ பல இடத்துல அச்சை எண்ணற கருவி வந்தாச்சு, ஆனா அதே கொள்கைதான்.

அந்தக் கொள்கை ஒரு தடவை இந்த ஊர்லயே தோத்துச்சு. 1988 டிசம்பர் 12, காலை ஆபீஸ் போற நேரம், க்ளாப்பம் ஜங்ஷன் பக்கம். சிக்னல் கம்பிகளைப் புதுசா மாத்திக்கிட்டு இருந்தாங்க. கழட்ட வேண்டிய ஒரு பழைய கம்பியை ஒரு முனையில மட்டும் கழட்டி, வெட்டாம, கட்டி வைக்காம விட்டுட்டாங்க. அது நகர்ந்து தன் பழைய இடத்தையே தொட்டுது. விழ வேண்டிய ரிலேக்கு மின்சாரம் போச்சு. வண்டி நிக்கற தடத்தை "காலி"ன்னு சிக்னல் சொல்லிச்சு. பின்னாடி வந்த வண்டி மோதி 35 பேர் செத்தாங்க. அந்தக் கம்பியை விட்ட ஊழியர் அதுக்கு முந்தின 13 வாரத்துல ஒரே ஒரு நாள்தான் லீவு எடுத்திருந்தார்னு விசாரணையில தெரிஞ்சுது. ஸ்பென்சர் பார்க் ஓரமா அந்தப் பள்ளத்தைப் பாத்த மாதிரி ஒரு நினைவுச் சின்னம் இருக்கு. நான் ஒரு தடவை போய் நின்னுட்டு வந்தேன். திரையில பச்சைப் புள்ளியைப் பாக்கறப்ப எல்லாம் அந்த இடம் ஞாபகத்துக்கு வரும்.

ஆனா ஞாபகத்துக்கு வந்தும் புத்தி வரலை. அதான் விஷயம்.

போன குளிர்காலம், ஒரு வெள்ளிக்கிழமை. பொண்ணு வெளியூர்ல காலேஜ்ல ரெண்டாவது வருஷம். வார இறுதிக்கு வீட்டுக்கு வந்துக்கிட்டு இருந்தா. எந்தத் தடம், எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்லை, எங்கேயும் நடக்கக்கூடியதுதான். ஏறினதும், "அப்பா, ஏறிட்டேன்"னு வாட்ஸப். நான் வழக்கம் போல அவ வண்டியோட நாலெழுத்தைத் தேடிப் பிடிச்சு திரையில வெச்சுக்கிட்டேன். தங்கமணி தோசை மாவைக் கரைச்சுக்கிட்டே, "எங்கே வர்றா?"ன்னு கேட்க, நான் ஒவ்வொரு ஊரா நேர்முக வர்ணனை.

ஏழேகால் மணிக்கு அந்த நாலெழுத்து ஒரு கட்டத்துல நின்னுச்சு. அஞ்சு நிமிஷம். பத்து நிமிஷம். போன் வந்துச்சு.

"அப்பா, நடுக்காட்டுல நிக்குது. சிக்னலுக்காக வெயிட் பண்றோம்னு டிரைவர் சொன்னார். உங்க படத்துல என்ன தெரியுது?"

கேட்டாளா! எத்தனை வருஷமா இந்தக் கேள்விக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன் தெரியுமா. "உனக்கு முன்னாடி ஒரு வண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பாம நிக்குதும்மா. அது நகர்ந்ததும் உனக்கு வழி கிடைக்கும்"னேன். அது சரியாத்தான் இருந்துச்சு. இன்னும் எட்டு நிமிஷத்துல முன்னாடி வண்டி கிளம்பிச்சு. ஒரு கட்டம், ரெண்டு கட்டம் தாவிச்சு. அவளுக்கு எதிர்ல இருந்த சிவப்புப் புள்ளி பச்சையாச்சு.

உடனே போன் போட்டேன். "பச்சை விழுந்துடுச்சுடா. ரெண்டே நிமிஷம், நகரும் பாரு."

அவ அதைப் பக்கத்துல இருந்தவங்ககிட்ட சொல்லியிருக்கா. "எங்கப்பா சிக்னல் மேப் பாக்கறார், பச்சை ஆயிடுச்சாம், இப்போ கிளம்பிடும்." கோச்ல ஒரே சந்தோஷம். ஒருத்தர் கை தட்டினாராம்.

ரெண்டு நிமிஷம் ஆச்சு. அஞ்சு ஆச்சு. பச்சை அப்படியே இருந்துச்சு. நாலெழுத்து அப்படியே இருந்துச்சு. கால் மணி கழிச்சு திடீர்னு அந்தப் பச்சை திரும்ப சிவப்பாச்சு. வண்டி தாண்டாமலே சிவப்பு. போட்ட வழியை சிக்னல்காரர் திரும்ப எடுத்துக்கிட்டார்னு அர்த்தம். ஏன்? திரையில "ஏன்"ங்கறதுக்குக் கட்டமே கிடையாது.

வண்டியே கெட்டுப் போச்சு. நின்ன இடத்துல இருந்து கிளம்பவே இல்லை. டிரைவர் முயற்சி பண்ணிக்கிட்டு இருந்திருக்கார், சிக்னல்காரர்கிட்ட ரேடியோவுல பேசிக்கிட்டு இருந்திருக்கார். அந்தப் பேச்சு எனக்குக் கேட்காது. எனக்குத் தெரிஞ்சது ஒரு பச்சைப் புள்ளி. அதை வெச்சு ஒரு கோச்சு ஜனத்துக்கு வாக்குக் குடுத்துட்டேன்.

அப்புறம் ஹீட்டர் நின்னுது. பாதி விளக்கு அணைஞ்சுது. எட்டரை மணி. பொண்ணு திரும்பக் கூப்பிட்டா, குரல் மெதுவா.

"அப்பா, இங்கே எல்லாரும் டென்ஷனா இருக்காங்க. டிரைவர் சொல்றதை யாரும் நம்பலை. 'சிக்னல் பச்சைன்னு இந்தப் பொண்ணோட அப்பா சொன்னாரே, இவர் கோளாறுங்கறார், பொய் சொல்றாங்க'ன்னு ஒருத்தர் கத்தறார். ஸ்டேஷன் விளக்கு ஜன்னல்ல தெரியுதுப்பா. கதவைத் திறந்து நடந்து போயிடலாம்னு ரெண்டு மூணு பேர் எழுந்து நிக்கறாங்க."

எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது.

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு விளக்கம். லண்டனுக்குத் தெற்கே பெரும்பாலான தடத்துல தலைக்கு மேல மின்கம்பி கிடையாது. தரையிலேயே, தண்டவாளத்துக்குப் பக்கத்துல மூணாவதா ஒரு தண்டவாளம் ஓடும். அதுல 750 வோல்ட். இருட்டுல இறங்கி ஒரு அடி தப்பா வெச்சா முடிஞ்சுது. மின்சாரம் இருக்கா, நிறுத்திட்டாங்களான்னு பாத்துச் சொல்ல முடியாது. என் திரையிலயும் அது வராது. இது கற்பனை பயம் இல்லை. 2018 மார்ச் 2-ம் தேதி, பனி கொட்டின ஒரு சாயங்காலம், லூயிஷம் பக்கத்துல பல வண்டிகள் வரிசையா மாட்டிக்கிச்சு. பொறுத்துப் பாத்துட்டு ஜனங்க தாங்களா கதவைத் திறந்து மின்சாரம் ஓடிக்கிட்டு இருந்த தடத்துல இறங்கி நடந்தாங்க. ரயில் விபத்து விசாரணைப் பிரிவு அதைத் தனியா விசாரிச்சு அறிக்கையே போட்டுது.

திரையைப் பாத்தேன். பக்கத்துத் தடத்துல ஒரு 5. காலி வண்டி. எதிர்த் திசையில, மூணு கட்டம் தள்ளி. அதுக்கு முன்னாடி எல்லாம் பச்சை.

"கண்ணம்மா, யாரையும் இறங்க விடாதே. பக்கத்துத் தடத்துல வண்டி வருது. கீழே கரண்ட் கம்பி இருக்கு. கதவுகிட்ட ஒரு பட்டன் இருக்கும், டிரைவரோட பேசறதுக்கு. அதை அமுக்கு. 'இங்கே கதவைத் திறக்கப் பாக்கறாங்க'ன்னு மட்டும் சொல்லு."

"நானாப்பா?"

"நீதாம்மா. நான் சொன்னா யாருக்குக் கேட்கும்?"

போனை வெக்கலை. அவ பேசறது தூரத்துல கேட்டுது. டிரைவர் குரல் கரகரன்னு கேட்டுது. அவர் என்ன சொன்னார்னு புரியலை. நான் திரையைப் பாத்துக்கிட்டே இருந்தேன். அந்த 5 ஒரு கட்டம் தாவிச்சு. இன்னும் ரெண்டுதான் பாக்கி. தங்கமணி அடுப்பை அணைச்சுட்டு வந்து என் தோளுக்குப் பின்னாடி நின்னாங்க. முதல் தடவையா அவங்களும் கோடு பாத்தாங்க.

பக்கத்துத் தடத்துப் புள்ளி ஒண்ணு சிவப்பாச்சு. அதுக்குப் பின்னாடி இருந்ததும் சிவப்பாச்சு. அந்த 5 நின்னுச்சு.

இத்தனை வருஷமா நான் ஆயிரக்கணக்கான தடவை புள்ளி மாறறதைப் பாத்திருக்கேன். ஒரு மனுஷன் பேசி, இன்னொரு மனுஷன் கேட்டு, மூணாவது ஒரு மனுஷன் கை வெச்சு மாறின சிவப்பை அன்னிக்குத்தான் பாத்தேன். எல்லாச் சிவப்பும் அப்படித்தானோ என்னவோ. எனக்குத்தான் அதுவரைக்கும் தெரியலை.

அந்தப் பக்கம், டிரைவர் கோச்சுக்கு நேர்ல வந்திருக்கார். டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு, "பவர் எடுக்கலை, நான் நாலு தடவை முயற்சி பண்ணிட்டேன், பின்னாடி இருந்து இன்னொரு வண்டி கொண்டு வந்து கோர்த்துத் தள்ளப் போறாங்க, ஒரு மணி நேரம் ஆகும், கழிவறை மூணாவது கோச்ல வேலை செய்யுது"ன்னு சொல்லியிருக்கார். அவ்வளவுதான். கத்தினவர் உட்கார்ந்துட்டாராம். ஒரு வயசான அம்மா பிஸ்கெட் பாக்கெட்டைப் பிரிச்சு எல்லாருக்கும் குடுத்தாங்களாம். ஒரு மணி நேரம்னது ஒண்ணரை மணி ஆச்சு, ஆனா ஒருத்தரும் கதவுப் பக்கம் போகலை.

பதினொண்ணரைக்கு வீட்டுக்கு வந்தா. தோசை சாப்பிடற வரைக்கும் ஒண்ணும் பேசலை. அப்புறம் சொன்னா.

"அப்பா, கோவிச்சுக்காதீங்க. நீங்க பச்சைன்னு சொல்லாம இருந்திருந்தா அவங்க டிரைவரை நம்பியிருப்பாங்க."

தங்கமணி, "ஏண்டி, அப்பாதானே பட்டனை அமுக்கச் சொன்னார்"னு எனக்கு வக்காலத்து வாங்கினாங்க. இருக்கட்டும். அவ சொன்னதுதான் சரி. தீயை அணைச்ச பெருமை எனக்கு எதுக்கு, தீக்குச்சியும் என்னுதுதானே.

ரொம்ப நாள் இதை யோசிச்சேன். நான் பொய் சொல்லலை. பச்சை நிஜமாவே பச்சைதான். சிக்னலும் தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சுது. "முன்னாடி தடம் காலி, நீ போகலாம்"னு சொல்லிச்சு. "நீ போவாய்"னு சொல்லலை. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் எனக்குத் தெரியாததா? மத்தவங்களுக்கு வகுப்பு எடுக்கறவன். ஆனா பெத்த பொண்ணு, "உங்க படத்துல என்ன தெரியுது?"ன்னு கேட்டதும் தெரிஞ்சதை மட்டும் சொல்ல முடியலை. தெரியாததையும் சேர்த்துச் சொல்லிட்டேன்.

அந்த சிக்னல்காரர் முன்னாடியும் கிட்டத்தட்ட இதே கோடுகள்தான். இன்னும் நுணுக்கமா இருக்கும். வழி போட்டா வெள்ளையாகும், வண்டி ஏறினா சிவப்பாகும். ஆனா அவர் பக்கத்துல ஒரு போன் இருக்கு. கோட்டைப் பாத்து சந்தேகம் வந்தா அவர் டிரைவரைக் கேட்பார், கேட்டுட்டுதான் நம்புவார். எனக்குக் கிடைச்சிருக்கறது பாதி. மத்த பாதி அந்தப் போன்ல இருக்கு, அதை யாரும் திறந்து விடலை, விடவும் கூடாது.

இப்போதான் அந்தக் கொசுவத்தி. கைகாட்டி இறங்கியும் வண்டி வரலைன்னா நாங்க கைகாட்டியை முறைச்சுப் பாத்துக்கிட்டு நின்னதில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் ரூம் வாசலுக்குத்தான் போனோம். பத்து வயசுல தெரிஞ்சிருந்த விஷயம், இத்தனை திரையும் தகவலும் வந்ததுக்கப்புறம் மறந்து போச்சு.

பொழுதுபோக்கை விட்டுட்டேனான்னு கேட்காதீங்க. விட முடியுமா? இந்தப் பதிவை அடிச்சுக்கிட்டு இருக்கறப்பவே பக்கத்து ஜன்னல்ல ஒரு 6 க்ராய்டனை நோக்கி வந்துக்கிட்டு இருக்கு. ஒரு மாற்றம் மட்டும். பொண்ணு வண்டியில இருந்து கேட்டா, எங்கே இருக்குன்னு சொல்லுவேன். எப்போ வரும்னு சொல்ல மாட்டேன். போன வாரம் அப்படித்தான் கேட்டா, "அப்பா, பச்சையா?"

"பச்சைதான். டிரைவர் என்ன சொன்னார்?"னு கேட்டேன்.

சிரிச்சுட்டா.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாராச்சும் அந்த வரைபடத்தைத் திறந்து, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து, வீட்ல திட்டு வாங்கினா கம்பெனி பொறுப்பு இல்லை. உங்க ஊர் கைகாட்டிக் கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.